பரோட்டாவுக்குப் பேசும் குரல்

ரத்தம் தெளியத் தெளிய, வீட்டில் மனைவி ஜெயக்கொடியின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று குணசீலனுக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார். மனைவியிடம் சொல்லலாம் என்றால், பிரச்சினையே அவள் பேச்சு காதில் விழாததுதான். கடைசியில், காதில் மெஷின் பொருத்திவிட்ட பெண்ணிடமே போய் நின்றார்.

"மெஷின் ரிப்பேரும்மா. மாத்திக் குடுங்க."

விருதுநகர் காது மையத்தில் சோதனை செய்வது, மெஷின் பொருத்துவது, பொருத்திக்கொண்டவர்களிடம் திட்டு வாங்குவது மூன்றுக்கும் சேர்த்து மிதுனா ஒருத்திதான். அவள் குணசீலனின் காதில் ஒரு குச்சியை வைத்து எடுத்து, திரையைப் பார்த்தாள். ஊசியெல்லாம் அந்தக் காலம். இப்போது காதின் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தை ஒளியாலேயே படித்துவிடுகிறார்கள்.

"மெஷினுக்கு ஒண்ணும் இல்ல சார். உங்க காதும் நல்லா தேறியிருக்கு. மெஷின் இல்லாமலே பக்கத்துல பேசுனா கேக்கும். ரத்தத்துல கொழுப்பு எறங்கிருச்சுல்ல, அதான்."

"அப்ப என் வீட்டுக்காரி பேசுறது மட்டும் ஏன் கேக்கல?"

"மத்தவங்க பேசுறது கேக்குதா?"

"கேக்குது. மண்டியில வெல சொல்றாங்க, கேக்குது. டீக்கடையில சீனி போடவா வேணாமாங்குறாங்க, கேக்குது. ஓசூர்ல இருந்து மகன் போன்ல பேசுறான், கேக்குது. இவ ஒருத்தி பேசுறதுதான் நாளுக்கு நாள் தேயுது."

மிதுனா சிரித்தாள். "ஒருவேள அவங்க பேசவே இல்லையோ என்னவோ சார்."

குணசீலனுக்குச் சுள்ளென்று ஏறியது. "கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ பேசாத நாள் உண்டாம்மா? நீங்க வேற" என்று எழுந்துவிட்டார். உண்மை சில சமயம் இப்படித்தான் சிரித்துக்கொண்டே வந்து, திட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

குணசீலன் கடலை எண்ணெய்த் தரகர். இந்த மில்லில் எடுத்து அந்த மண்டிக்குக் கைமாற்றிவிடுகிற வேலை. உட்கார்ந்த இடத்தில் போன், சாயங்காலம் நண்பர்களோடு எண்ணெய்ப் பரோட்டா. தாச்சியில் எண்ணெய் தளும்ப, அதில் முறுமுறுவென்று பொரித்தெடுத்து, நொறுக்கி, சால்னாவில் முக்கிச் சாப்பிடுவது இந்த ஊரின் பெருமை. அந்தப் பெருமையை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அதனால் ஐம்பது தாண்டியதும் காது மந்தமானபோது, வயசாகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டார்.

முதலில் மெஷினைத்தான் கொடுத்தார்கள். அரிசி அப்பளத் துண்டு மாதிரி மெல்லிசாக ஒன்று, காதுமடலுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பெயர் செவித்துணை. சில வாரம் சும்மா மாட்டிக்கொண்டு திரியுங்கள், வீட்டில் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று அது பழகிக்கொள்ளும் என்றார்கள். வீட்டில் இருந்தது ஜெயக்கொடி ஒருத்தி. எனவே அது ஜெயக்கொடியைப் பழகிக்கொண்டது.

அடுத்த முறை மனைவியையும் கூட்டிக்கொண்டு காது மையத்துக்குப் போனபோதுதான் டாக்டர் ரத்தத்தைப் பற்றிச் சொன்னார்.

"உள்காதுக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் நூல் மாதிரி. மத்த எடத்துல அடைச்சா சுத்து வழி இருக்கும். இதுக்குக் கெடையாது. ரத்தத்துல கொழுப்பு கூடிப்போனா மொத அடி காதுக்குத்தான். அதுலயும் கீச்சுச் சத்தம் மொதல்ல போகும். கொலுசு, கொசு, விசில், சின்னப் பிள்ளைங்க குரல். உங்களுக்கு எக்கச்சக்கமா இருக்கு. இப்பவே கொறச்சா ஓரளவு திரும்பக் கெடைக்கும். மறுபடி ஏத்திக்கிட்டா அப்புறம் கெடைக்காது, மெஷினும் உதவாது. சாப்பாடெல்லாம் எப்படி?"

"வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர்" என்று குணசீலன் பக்கத்தில் இருந்த ஜெயக்கொடியைக் காட்டினார். "இவ கைக்கு எண்ணெய் தாராளம். ஊத்து ஊத்துன்னு ஊத்துவா. அதான் என் காத அடைச்சுருச்சு."

டாக்டர் சிரித்தார். மிதுனாவும் சிரித்தாள். குணசீலனும் நன்றாகச் சிரித்தார். ஜெயக்கொடி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து மாத்திரை ஆரம்பமானது, மெஷினும் முழு வேலைக்கு வந்தது. குணசீலனின் வாழ்க்கையிலேயே நல்ல காலம் அதுதான். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சமையல்கட்டிலிருந்து ஜெயக்கொடியின் குரல் தேனாக வரும். "என்னங்க, காப்பி ஆறப்போகுது, குடிங்க." "என்னங்க, வெயில்ல ரொம்ப அலையாதீங்க." "என்னங்க, மகன் போன் பண்ணுனானா?" இவரும், "இந்தா குடிச்சிட்டேன்", "இந்தா வாரேன்" என்று பதில் சொல்லுவார். இப்படி இதமாக அவள் பேசி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. காது போனதும் ஒரு வகையில் நல்லதுக்குத்தான் என்று மண்டியில் பெருமையடித்துக்கொண்டார்.

சோறு மட்டும் அடிக்கடி குழைந்துபோயிருந்தது. பரிமாறும்போது அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் சாப்பிடும்போது பேசக்கூடாது என்று ஒரு காலத்தில் சட்டம் போட்டவரே அவர்தான். அதனால் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பிறகு பரோட்டாவை விட்டார். மாத்திரை வேலை செய்தது, ரத்தம் தெளிந்தது. அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது. முதலில் காலைக் காப்பிப் பேச்சு நின்றது. அப்புறம் மத்தியானப் பேச்சு. சமையல்கட்டில் பாத்திரம் உருளுவது கேட்டது, குழாயில் தண்ணீர் விழுவது கேட்டது. மனைவி குரல் மட்டும் இல்லை. ஒருநாள் கூடத்திலிருந்தே, "ஏன் ஜெயா, பேச மாட்டேங்குற?" என்று கேட்டார். அவள் முதுகைக்கூடத் திருப்பவில்லை. மெஷின் போய்விட்டது என்ற முடிவுக்கு வந்தது அப்போதுதான்.

மிதுனாவிடம் போய்த் திரும்பிய அந்தச் சாயங்காலம், எரிச்சலில் நேராகப் பரோட்டாக் கடைக்குள் நுழைந்துவிட்டார். விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்துச் சாப்பிட்டார். குற்ற உணர்ச்சியோடு வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தபோது குரல் வந்தது.

"என்னங்க, களச்சுப்போய் வந்திருக்கீங்க. மொகம் கழுவிட்டு வாங்க."

குணசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தா வாரேன் ஜெயா" என்று துள்ளி எழுந்தார். சமையல்கட்டில் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ கழுவிக்கொண்டிருந்தாள். தொந்தரவு செய்யாமல் முகம் கழுவப் போனார்.

மறுநாள் கஞ்சி, கீரை. வீடு மௌனம். அதற்கு மறுநாள் பரோட்டா. "என்னங்க, மாத்திர போட்டீங்களா?" என்று அன்பாக ஒரு விசாரிப்பு. எண்ணெய் ஏறினால் மனைவி பேசுகிறாள், இறங்கினால் ஊமையாகிறாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒருவேளை எண்ணெய் காதுக்கு மசகு மாதிரியோ என்று நினைத்துப் பார்த்தார். அப்படியானால் டாக்டர் சொன்னது தலைகீழா? அல்லது பரோட்டா வாசம் பட்டால் அவளுக்கு மனசு இளகுகிறதா? அவளுக்குப் பரோட்டா என்றாலே ஆகாதே.

காரணம் எதுவாக இருந்தால் என்ன, அவருக்கு அந்தக் குரல் வேண்டியிருந்தது. முப்பது வருஷமாக வீட்டில் எப்போதும் இருந்த ஒன்று, இல்லாமல் போன பிறகுதான் அது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. மறுபடி ஏறினால் காதே போய்விடும் என்று டாக்டர் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டே தினமும் சாப்பிட்டார்.

அடுத்த முறை காது மையத்துக்குப் போனபோது மிதுனா திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"என்ன சார் பண்ணுனீங்க? பால் கலந்த மாதிரி இருக்கு ரத்தம். நல்லவேள, காது இன்னும் எறங்கல. இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போனா அம்புட்டுத்தான்."

குணசீலன் எல்லாவற்றையும் சொன்னார். பரோட்டா, குரல், கஞ்சி, மௌனம், மறுபடி பரோட்டா. சொல்லச் சொல்ல, மிதுனாவின் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துபோனது. நாற்காலியை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"சார், இந்த மெஷின் எப்படி வேல செய்யுதுன்னு உங்களுக்குச் சொன்னாங்களா?"

"சத்தத்தப் பெருசாக்கும்."

"அது பழைய மெஷின். இது உங்க ரத்தத்தப் பாத்துக்கிட்டே இருக்கும். ரத்தம் கலங்குனா காது மங்கப்போகுதுன்னு எடுத்துக்கிட்டு, காதுல சரியா விழாத பேச்ச அதுவே நிரப்பும். பேசுறது யாருன்னு அதுக்குத் தெரியும். அவங்க அந்த நேரத்துல வழக்கமா என்ன சொல்லுவாங்கன்னும் தெரியும். அத அவங்க குரல்லயே உங்களுக்குச் சொல்லிரும்."

"சரி."

"ரத்தம் தெளிஞ்சா நிரப்புறத நிறுத்திட்டு ஒதுங்கிரும். அப்ப அதுக்கு வேற வேல. கூட்டத்துல பத்துப் பேரு பேசுனா, உங்களப் பாத்துப் பேசுறத மட்டும் உள்ள விடும். உங்களுக்கு இல்லாத பேச்ச அமுக்கிரும்."

குணசீலன் மெல்லக் கேட்டார். "அப்ப, 'மொகம் கழுவிட்டு வாங்க'ன்னு சொன்னது?"

"மெஷின் சார்."

"காப்பி ஆறப்போகுதுன்னது?"

மிதுனா தலையாட்டினாள்.

"ஆனா அவ குரல் சமையல்கட்டுல இருந்துதாம்மா வந்துச்சு. ஒண்ணுமே இல்லாமயா வரும்?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன். சும்மா இருந்தா அது நிரப்பாது. அவங்க குரல் கொஞ்சமாவது கேட்டிருக்கணும். என்னமோ பேசியிருக்காங்க, ஆனா உங்களப் பாத்துப் பேசல." கொஞ்சம் தயங்கினாள். "அம்மாவுக்கு உங்க மேல ஏதும் கோவமா சார்?"

"என்ன கோவம்? ஒண்ணும் இல்லையே."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவரின் பார்வை, சுவர் ஓரத்து நாற்காலியில் போய் நின்றது. அன்றைக்கு ஜெயக்கொடி உட்கார்ந்திருந்த நாற்காலி. அவள் கைப்பையை மடியில் எடுத்து வைத்தது ஞாபகம் வந்தது. எல்லோரும் சிரித்ததும் ஞாபகம் வந்தது. மிதுனாவுக்கும் அதே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும், அவள் முகம் சுருங்கியது.

"நானும் சிரிச்சேன்ல சார்."



"எங்க அம்மா கோவம் வந்தா மிக்சிகிட்டப் பேசுவாங்க" என்றாள் மிதுனா. "நான் வீட்டுல இருந்தப்ப என்கிட்ட, 'உங்கப்பாவச் சாப்பிட வரச்சொல்லு'ம்பாங்க. நான் வேலைக்கு வந்துட்டேன். இப்ப மிக்சிதான். அப்பாவுக்கு வேண்டியதெல்லாம் அதுகிட்டயே சொல்லுவாங்க, அப்பா கூடத்துல இருந்து கேட்டுக்குவாரு. இந்த மெஷினச் செஞ்சவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும்? முதுகக் காட்டிக்கிட்டுப் பேசுனா அது உங்களுக்கு இல்லன்னு முடிவு பண்ணிரும்."

குணசீலன் எழவில்லை. மிதுனா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சார், இன்னொண்ணும் இருக்கு. நானா சொல்லக் கூடாது, ஆனா கேட்டா செஞ்சு குடுக்கச் சொல்லியிருக்காங்க. ரத்தம் எப்படி இருந்தாலும், யாரும் பேசாட்டியும், நிரப்பிக்கிட்டே இருக்கிற மாதிரி இத மாத்தி வைக்கலாம். நீங்க பரோட்டா சாப்பிட வேண்டாம், காதும் போகாது, அந்தக் குரலும் போகாது. நெறைய பேரு கேட்டு மாத்திக்கிட்டாங்க. வீட்டுல ஆளே இல்லாதவங்ககூட."

குணசீலன் உடனே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க அப்படி ஒரு குரல், சண்டை இல்லை, சலிப்பு இல்லை. நீண்ட நேரம் யோசித்தார். பிறகு செவித்துணையைக் காதிலிருந்து உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"முதல்ல அவ என்ன பேசுறான்னு கேட்டுட்டு வாரேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது ஜெயக்கொடி சமையல்கட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. அடுப்பில் குக்கர். குணசீலன் செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டு வாசல்படியில் நின்றார். மெஷின் இல்லாத காதில் உலகம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் குரல் கேட்டது. தேன் இல்லை, கரகரப்பான நிஜக் குரல். குக்கரைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"நீயே சொல்லு. நான் என்னைக்கு எண்ணெயில முக்கிப் போட்டேன்? வீட்டுக்கு ஒரு லிட்டர் வாங்குனா மாசம் ஓடுது. கடையில போய் மொக்கு மொக்குன்னு மொக்கிட்டு, டாக்டர் முன்னாடி என் கையக் காட்டுறாரு. அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாங்க. இவரும் சிரிக்கிறாரு."

கத்தி பலகையில் வேகமாக விழுந்தது.

"அது போகட்டும். காதுல என்னத்தையோ ஒட்டிக்கிட்டு, வாயப் பாத்தா 'இந்தா வாரேன், இந்தா குடிச்சிட்டேன்'ங்குறாரு, எவகிட்டப் பேசிச் சிரிக்கிறாரோ. நான் இவருகிட்ட வாயே தொறக்கல, இவரு பதில் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

குணசீலனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை நாள் அவளோடு பேசிக்கொண்டிருந்ததாக நினைத்தார். அவளோ இத்தனை நாளும் இவர் வேறு யாருடனோ பேசுவதாக நினைத்திருக்கிறாள். ஒரே கூரைக்கு அடியில் இரண்டு பேரும் வேறு வேறு வீட்டில் குடியிருந்திருக்கிறார்கள்.

"ஜெயா" என்றார், அவள் முதுகுக்குப் பின்னால் நின்று. "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான். மன்னிச்சிரு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை அது. ஜெயக்கொடி திரும்பவில்லை. வெண்டைக்காயின் காம்பை வெட்டித் தள்ளினாள்.

கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறாதுதான் என்று நினைத்துக்கொண்டார். இன்னொரு முறை சொன்னார், கொஞ்சம் சத்தமாக. அவள் திரும்பவில்லை.

குக்கர் விசிலடித்தது. இவருடைய அரைக் காதுக்கே நன்றாகக் கேட்கும்படி வீச்சென்று அடித்து ஓய்ந்தது. பிறகு இன்னொரு முறை அடித்தது. ஜெயக்கொடி அதற்கும் நிமிரவில்லை. அடுத்த வெண்டைக்காயை எடுத்தாள்.

"அவருக்குக் காது போனா டாக்டரு, மெஷினு, மாத்திர" என்று அதே குக்கரிடம் தொடர்ந்தாள். "எனக்குப் போனா யாருக்குத் தெரியப்போகுது? அன்னைக்கே அந்த டாக்டருகிட்ட எனக்கும் பாக்கச் சொல்லணும்னுதான் போனேன். அதுக்குள்ள இவரு மானத்த வாங்கிட்டாரு. நீ விசில் அடிக்கிறதே கேக்கல. உன் மண்டையவே பாத்துக்கிட்டு நிக்க வேண்டியிருக்கு. கொஞ்சம் அசந்தா சோறு கொழஞ்சுருது."

குணசீலன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். குழைந்த சோறு. முதுகைத் திருப்பாமல் நின்றது. அவர் எதையெல்லாம் கோபம் என்று இப்போது கணக்குப் போட்டாரோ, அதில் பாதி கோபமே இல்லை. ஒரே வீடு, வயசும் ஏறக்குறைய ஒன்றுதான், உப்பும் புளியும் ஒன்று. இவர் ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்தவர்களில் ஒருவருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் காதைப் பார்க்கத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

அவர் சுற்றிக்கொண்டு போய் அடுப்பை அணைத்தார். பக்கவாட்டில் திடீரென்று கை நீண்டதைக் கண்டு ஜெயக்கொடி திடுக்கிட்டாள். கத்தி கீழே விழுந்தது. குணசீலன் அவளுக்கு நேர் எதிரில் நின்று, நடுங்குகிற உதடுகளோடு மூன்றாம் முறையாகச் சொன்னார்.

ஜெயக்கொடி புருவத்தைச் சுருக்கினாள். அவர் வாயைப் பார்த்தாள். அவர் காதைப் பார்த்தாள், அங்கே மெஷின் இல்லை.

"என்னங்க?" என்றாள். "என்ன சொன்னீங்க? கேக்கல."

அவரைப் பார்த்து, அவரிடம், நேராகச் சொன்ன வார்த்தை. இந்த ஒரு 'என்னங்க'வுக்காகத்தான் அவர் காதைப் பணயம் வைத்துப் பரோட்டா தின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளாமல், "மன்னிச்சிரு ஜெயா! தப்பு என்னோடதுதான்! உன் கையில ஒரு குத்தமும் இல்ல! நாளைக்கே உன்னைக் கூட்டிட்டுப் போறேன், உன் காதப் பாக்கணும்!" என்று கத்தினார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. தெருவில் போன யாரோ நின்று எட்டிப் பார்த்தார்கள்.

ஜெயக்கொடியின் கண்ணும் கலங்கியிருந்தது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னலில் தெரிந்த பக்கத்து வீட்டு முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்து, இடது காதை அவர் பக்கம் காட்டினாள்.

"சரியா கேக்கலங்க. இன்னொருக்கச் சொல்லுங்க."

நிஜமாகவே கேட்கவில்லையா, இல்லை இன்னொரு தடவை கேட்க ஆசைப்படுகிறாளா என்று குணசீலனுக்குப் புரியவில்லை. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, இன்னும் சத்தமாகச் சொன்னார்.